மெய்யளவு

நெய்வேலியில் வளர்ந்தவர்களைப் பெரிய பொருள்களைக் காட்டி அசத்துவது கடினம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நிற்கும் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரின் ஒரேயொரு வாளி 1400 லிட்டர் கொள்ளும். 700 லிட்டர் வாளி கொண்டது இங்கே நடுத்தரம். அது அள்ளும் மேல்மண் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்டில் போய் விழ, மறுமுனையில் ஸ்ப்ரெடர் அதை மேடாகக் குவிக்க, ஊரின் விளிம்பில் நிலமே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், டவுன்ஷிப்பின் ஏதோ ஒரு வட்டத்துக் குவார்ட்டர்ஸின் முன்னறையில் கிடக்கும் இரண்டடிக்குச் சற்று மேலான துணி ஆமையைப் பெரிய பொருள் என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனாலும் அது பெரிதுதான். பங்குனி ஆமையின் ஓடு உண்மையில் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் அதன் ஓடும். அந்த அளவைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஃபெல்ட்டில் கடல் உயிர்கள் செய்வது பலருக்கும் பழகிய பொழுதுபோக்கு. பள்ளிப் பிராஜெக்ட்டுக்காக ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் ஏ4 அளவு ஃபெல்ட் ஷீட்டில் ஒரு மீனை வெட்டிவிடலாம். ஓரம் பிசிறாது, மடித்துத் தைக்க வேண்டாம். காஜா தையல் தெரிந்த எவரும் ஒரு மாலைக்குள் முடித்துவிடுவார்கள். சாவிக்கொத்தில், தொட்டில் மேல் சுற்றும் தொங்கலில், பிறந்தநாள் தோரணத்தில் என்று அந்த மீன்கள் போகாத இடமில்லை. அவற்றின் மேல் எனக்குக் குறை எதுவுமில்லை. ஆனால் உள்ளங்கை அளவில் செய்யும்போது அந்த உயிரைப் பற்றி நாம் ஒன்றுமே தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நீள்வட்டம், நான்கு துடுப்பு, முதுகில் சில கட்டங்கள் இருந்தால் போதும், பார்ப்பவர் ஆமை என்று சொல்லிவிடுவார். அவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆமை வந்து துணியின் குறைகளை நிரப்பிவிடுகிறது. அளவு கூடக்கூட இந்த உதவி நின்றுபோகிறது. துடுப்பு உடம்பில் எந்த இடத்தில் சேர்கிறது? கழுத்து ஓட்டுக்குள் போகுமா, போகாதா? கண் பக்கவாட்டிலா, சற்று மேலா? இமை உண்டா? துணி வெறுமையாக விரிந்து கிடக்கிறது. தெரியாததை மறைக்க அங்கே இடமில்லை.

கடல் ஆமையின் தலை ஓட்டுக்குள் போகாது. முன்துடுப்பு நீளம், பின்துடுப்பு குட்டை. முன்னது நீந்துவதற்கு. பின்னது திசை திருப்பவும், கரையேறிய பிறகு மணலில் முட்டைக்குழி தோண்டவும். நம் கடலுக்கு வருபவை ஐந்து வகை: பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணியாமை, பங்குனி ஆமை. கடைசியில் சொன்னதுதான் தை, மாசி, பங்குனியில் கடலூர்க் கரையில் ஏறி முட்டையிடுவது. தையல் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காகிதத்தை இரண்டாக மடித்துத்தான் பேட்டர்ன் வெட்டுவார். இடமும் வலமும் ஒன்றாக வரும் என்பது தையலின் முதல் நம்பிக்கை. பங்குனி ஆமை அந்த நம்பிக்கையைக் கலைத்துவிடுகிறது. பேராமைக்கும் அழுங்காமைக்கும் முதுகின் நடுவரிசைக்கு இருபுறமும் நான்கு நான்கு பக்கத் தகடுகள். பெருந்தலை ஆமைக்கு ஐந்தைந்து. பங்குனி ஆமைக்கு ஆறு, ஏழு, சில சமயம் அதற்கும் மேல். அதிலும் ஒருபுறம் ஆறும் மறுபுறம் ஏழுமாக இருப்பது சகஜம். மடித்து வெட்டிய காகிதத்தில் இந்த உயிர் வராது. இடப்புறத்தைத் தனியாகவும் வலப்புறத்தைத் தனியாகவும் வரைந்தாக வேண்டும். என் ஆமைக்கு இடம் ஆறு, வலம் ஏழு. முன்னறைக்கு வருகிறவர்களில் அதை எண்ணிப் பார்ப்பவர் மிகக் குறைவு. எண்ணிய ஒரு சிறுமி, ஒன்று கூடிப்போச்சே அத்தை என்று கவலையோடு சொன்னாள். கடலிலேயே அப்படித்தான் என்றேன். அவள் முகத்தில் வந்த மகிழ்ச்சியை எழுதத் தெரியவில்லை. தப்பு என்று நினைத்த ஒன்று உண்மை என்று தெரியவரும்போது பெரியவர்களுக்கும் அந்த மகிழ்ச்சி வருவதுண்டு, ஆனால் நாம் அதை முகத்தில் காட்டுவதில்லை.

ஏ4 ஷீட்டில் முழு ஓட்டை வெட்ட முடியாது என்பது தொடக்கத்தில் இடைஞ்சலாகப் பட்டது. தகடு தகடாக வெட்டிச் சேர்க்க ஆரம்பித்த பிறகுதான், ஆமையின் உடம்பே துண்டுகள் சேர்ந்து ஆனது என்பது விரலுக்குப் புரிந்தது. ஓட்டின் வளைவைக் கொண்டுவர ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் சிறிய டார்ட் பிடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் முதுகு உயர்ந்து நிலத்து நட்சத்திர ஆமையாகிவிடும். பிடிக்காமல் விட்டால் தட்டையாகக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே, தண்ணீர் தடையில்லாமல் வழுகிப்போகும்படியான ஒரு தாழ்ந்த வளைவு இருக்கிறது. நீந்தும் உடம்பு ஏன் அந்த வளைவைத் தேர்ந்தது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. உள்ளே அடைக்க இலவம்பஞ்சு நல்லது, ஆனால் நாளடைவில் அமுங்கிவிடும். டெய்லர் கடை வெட்டுத்துண்டுகளை வயிற்றுப் பக்கம் அடியில் போட்டு, மேலே பஞ்சு வைத்தால் எடை கீழே தங்கும். ஆமையும் தரையோடு அமர்ந்திருக்கும்.

இந்த ஊரில் மெக்கானிக்கல் வேலை பார்த்தவர்களுக்கு ஃபெல்ட் புதிதல்ல. பியரிங் இருக்கும் பிளம்மர் பிளாக்கில் தூசி நுழையாமலும் கிரீஸ் கசியாமலும் தடுக்க எண்ணெயில் ஊறிய ஃபெல்ட் சீல் போடுவது பழைய முறை. துணிக்கடை வழியாக அல்லாமல் வொர்க் ஷாப் வழியாகவே இந்தப் பொருளை அறிந்த வீடுகள் இங்கே நிறைய. மற்றபடி நம் சமவெளிக்கு ஃபெல்ட் சொந்தமில்லை. அது நெய்யாத துணி. பாவும் ஊடும் கிடையாது. செம்மறியின் கம்பளி இழை ஒவ்வொன்றின் மேலும் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டுச் செதில்கள் விரிய, கையால் தேய்த்து உருட்ட உருட்ட, இழைகள் ஒன்றையொன்று கவ்வி, பிரிக்க முடியாத ஒரே பரப்பாகிவிடுகின்றன. மெச்சேரி, கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை என்று நாம் வளர்க்கும் செம்மறிகளின் உடம்பில் இருப்பது குட்டை முடி. நல்ல கம்பளிக்கு நீலகிரிச் செம்மறிதான் வேண்டும். உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் ஆராய்ச்சி நிலையம் வைத்து அந்த இனத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். வடக்கே காஷ்மீரத்திலும் ராஜஸ்தானின் டோங்க் நகரிலும் நம்தா என்ற பெயரில் ஃபெல்ட் விரிப்புகள் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்படுகின்றன. நமக்கு அது ஷீட்டாக, கடைச்சரக்காகவே வந்து சேர்ந்தது.

ஆனால் ஃபெல்ட்டில் உயிர்களைச் செய்யும் ஆசை மிகப் பழையது. அல்தாய் மலைகளில் பசிரிக் என்ற இடத்துப் புதைமேடுகளில் ஐந்தாவதைச் செர்கேய் ருதென்கோ என்ற சோவியத் தொல்லியலாளர் 1949-இல் தோண்டியபோது, பனியில் உறைந்து கெடாமல் இருந்த பொருள்களுக்கு நடுவே ஃபெல்ட் அன்னங்கள் கிடைத்தன. ஏறத்தாழ 2,300 ஆண்டுப் பழமை. உள்ளே மான்மயிர் அடைத்து, கழுத்தை வளைத்து, இறகு நுனிக்குக் கறுப்பு ஃபெல்ட் வைத்துத் தைத்தவை. இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படத்தில் பார்த்தாலே தெரிகிறது, தைத்தவருக்கு அன்னத்தை நன்றாகத் தெரியும். பிறகு 1880-இல் ஜெர்மனியின் கீங்கன் ஊரில் மார்கரெட் ஸ்டைஃப் ஒரு ஃபெல்ட் யானையைச் செய்தார். இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், தையல்காரர். ஊசி குத்திவைப்பதற்கென்று செய்த அந்த யானையைக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள். உலகப் புகழ்பெற்ற ஒரு பொம்மைத் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. உயிர்களைச் செய்ய இந்தத் துணி ஏன் இவ்வளவு ஒத்துவருகிறது என்று யோசித்திருக்கிறேன். நெய்த துணிக்கு நேர், குறுக்கு, கிராஸ் என்று திசைகள் உண்டு. அதை மதிக்காமல் வெட்டினால் தைத்தது முறுக்கிக்கொள்ளும். ஃபெல்ட்டுக்குத் திசையே இல்லை. எந்தப் பக்கம் திருப்பி வெட்டினாலும் ஒன்றுதான், எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே அளவு கொடுக்கும். நேர்கோடே இல்லாத உடம்புகளைச் செய்ய அதைவிட இசைவான துணி கிடையாது. ஒன்று மட்டும் அதனால் முடியாது, ஈரத்தைக் காட்டுவது. ஒளியை உள்ளிழுத்துக்கொள்ளுமே தவிரத் திருப்பி வீசாது. ஆகவே மினுங்கும் செதில் மீன்களும், கண்ணாடியாக ஊடுருவித் தெரியும் சொறிமீனும் ஃபெல்ட்டில் சரிவராது என்பது என் தீர்மானம். ஆமை, திருக்கை, கணவாய், ஆவுளியா என்ற கடல் பசு, இவை வரும்.

இன்று கடையில் கிடைக்கும் ஃபெல்ட் பெரும்பாலும் கம்பளி அல்ல, பாலியஸ்டர். செதில் இல்லாத இழை ஆகையால், முள்வைத்த ஊசிகளால் இயந்திரம் குத்திக் குத்திப் பிணைத்திருக்கும். பழைய தண்ணீர் பாட்டில்களை உருக்கி இழுத்த இழையிலும் அதைச் செய்கிறார்கள். இது தெரிந்த நாளிலிருந்து என் வேலையில் ஒரு முள் இருக்கிறது. கடலைக் கெடுக்கும் பொருளாலேயே கடல் உயிரைச் செய்வதா? 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கிய ஆமை மூச்செடுக்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. ஆமை தப்பிப்போகும் கருவியை வலையில் பொருத்தச் சட்டம் உண்டு, ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. 1988 முதல் சென்னையில் மாணவர்கள் இரவு இரவாகக் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அவ்வளவு பேர் பாடுபட்டும் ஒரு மாதத்தில் அத்தனை உடல்கள். அந்தப் படங்களில் ஓடுகளைப் பார்த்தபோது நான் தகடுகளைத்தான் எண்ணினேன். கை பழகிய வழக்கம் அது. எண்ணும்போது அவை குவியலாக இல்லாமல் ஒவ்வோர் ஆமையாகத் தெரிந்தன, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கம்பளிக்குத் திரும்புவது ஒரு வழி. அதற்குக் கம்பளி மூட்டை வாங்க வேண்டியதில்லை. வடக்கே வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்களின் பீரோ அடித்தட்டில் போடவே முடியாத ஸ்வெட்டர்கள் கிடக்கின்றன. தூய கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் வெந்நீரில் துவைத்துச் சுருக்கிவிட்டு வருந்தியவர்கள், தாங்கள் ஃபெல்ட் செய்திருக்கிறோம் என்று அறியாதவர்கள். அப்படிச் சுருங்கியதை வெட்டினால் பிரியாது. நிறமும் கடை ஷீட்டின் பளீர் நிறமாக இல்லாமல், பயன்பட்டு மங்கிய பச்சையும் சாம்பலுமாக இருக்கும். ஆமைக்கு அதுதானே நிறம். இடுப்புப் பட்டியின் வரிவரியான பின்னல் சுருங்கியதும் கெட்டியான மடிப்புகளாக நிற்கும். ஒரு குழந்தைக்காகச் சிறிய திமிங்கலம் தைத்தபோது அந்த வரிகளைத் தொண்டைக்கு வைத்தேன். பலீன் திமிங்கலங்களில் பலவற்றுக்குத் தாடையிலிருந்து வயிறு வரை ஓடும் மடிப்புகள் உண்டு. வாய் நிறையக் கடல்நீரை வாங்கும்போது அவை விரிந்துகொடுக்கும். பின்னலைக் குறுக்கே இழுத்தால் இதுவும் விரிந்தது. அந்தத் திமிங்கலத்தில் உண்மையானது அந்த ஒரு பாகம்தான். மற்றதெல்லாம் பொம்மை. நம் கடலில் திரியும் பிரைடு திமிங்கலத்தின் கன்றே பிறக்கும்போது சுமார் நான்கு மீட்டர் இருக்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், அந்தக் கால மக்கள் செத்த காலேஜ் என்று அழைத்த இடத்தில், தொங்கும் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழ் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த உயிரைச் சுருக்கினால் அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது. வீட்டில் அடங்காததை வீட்டுக்காகக் குறைக்கக் கூடாது என்று அதன்பின் முடிவு செய்துகொண்டேன்.

கடல் இங்கிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். வடலூர், குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி தாண்டினால் கடலூர். இருந்தும் டவுன்ஷிப்புக்குள் நிழல் விழும் தெருக்களில் நடக்கிறவர்களுக்குக் கடல் ஒரு விடுமுறை நாள் இடம், அவ்வளவுதான். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோதுதான் அது எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரிந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அந்தக் காலையைப் பண்ருட்டிப் பக்கத்து விவசாயிகள் இன்னும் நேற்று நடந்ததாகவே பேசுகிறார்கள். காலத்தில் பின்னே போனால் கடல் இன்னும் நெருங்கி வருகிறது. ஜம்புலிங்க முதலியார் என்பவர் 1930-களில் இங்கே தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது கிடைத்த கரும்பழுப்புப் பொருள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரச் சதுப்பில் வளர்ந்து சாய்ந்த காடு. அந்தக் காட்டின் கீழே இன்றும் அழுத்தத்தோடு நிற்கும் நீர் இருக்கிறது. இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். தென்மேற்கே அரியலூர்ப் பக்கம் போனால் முழுக் கடலே மண்ணுக்குள் கிடக்கிறது. காரை, உத்தத்தூர் ஓடைகளில் மழைக்குப் பிறகு வெளிப்படும் அம்மோனைட்டுகள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே நீந்தியவை. 1860-களில் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற நிலவியலாளர் அவற்றை ஆராய்ந்து படங்களோடு பதிப்பித்தார். அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டிய இடம். சுருண்ட ஓட்டுக்குள் கைகளோடு வாழ்ந்த அம்மோனைட்டுகளுக்கு இன்றைய உறவினர் கணவாய்கள். கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கூடையில் குவித்து வைத்திருப்பவை.

அந்த மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன் போய்விட வேண்டும். படகு வந்ததும் தரையில் பரப்பப்படும் திருக்கைகளை அறுத்துத் துண்டு போடுவதற்கு முன் பார்த்தால்தான் முழு உடம்பைப் பார்க்க முடியும். நான் இஞ்ச் டேப்போடு குனிந்து ஒரு புள்ளித் திருக்கையின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன். மீன் விற்கும் அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, "அகலம் எதுக்கும்மா, அதை அளந்து என்ன தெரியும்? நடுவுல அழுத்திப் பாரு, கெட்டியா இருக்கும். அப்படியே ஓரத்துக்குக் கையைக் கொண்டு வா, பீடி எலையாட்டம் மெலிசாப் போயிடும்" என்றார். கையைப் பிடித்து வைத்தும் காட்டினார். அதுவரை திருக்கையை நான் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பஞ்சு அடைக்கும் உடம்பாகத்தான் மனத்தில் வெட்டி வைத்திருந்தேன். முதுகெலும்புப் பக்கம் தடித்து, சிறகு நுனியில் இரண்டு ஃபெல்ட் மட்டும் ஒன்றோடொன்று படிந்து நிற்க வேண்டும் என்பதை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார். அவர் அதைக் கற்றது அறுத்து அறுத்து. வீட்டுக்கு வந்து, நடுவிலிருந்து ஓரம் வரை விரல் இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போட்டு, உள்வரிசைகளில் பஞ்சைத் திணித்து, வெளியே போகப்போகக் குறைத்து, கடைசி இரண்டு வரிசைகளை வெறுமையாக விட்டேன். சுவரில் மாட்டினால் மின்விசிறிக் காற்றுக்கு அந்த ஓரம் மட்டும் அசையும்.

ஓட்டுக் கணவாயின் உடம்பைச் சுற்றி ஓடும் அலையலையான துடுப்பு வேறொரு கணக்கு. நேர்ப்பட்டி வெட்டிச் சுருக்கு வைத்தால் பாவாடை ஃப்ரில்லாக வருகிறது, உயிராக வரவில்லை. வட்டமாக ஒரு வளையம் வெட்டி, அதன் உள்விளிம்பை நேராக நீட்டி உடம்போடு தைத்தால், நீளம் கூடிய வெளிவிளிம்பு இடம் போதாமல் தானே அலையாகிறது. அம்பர்லா கட் தைக்கத் தெரிந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் கையோடு வந்த வித்தை இது. கணித உலகம் இதையே வேறு வழியாக வந்தடைந்தது. 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா, தாளில் நிலையாகச் செய்துகாட்ட முடியாதிருந்த ஹைபர்பாலிக் தளத்தைக் குரோஷா ஊசியால் பின்னிக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் பரப்பு தானே மடிந்து அலைகிறது. பவளங்களும் ஓடில்லா கடல் நத்தைகளும் அந்த வடிவில்தான் வளர்கின்றன. அதைப் பார்த்து மார்கரெட், கிறிஸ்டீன் வெர்த்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் 2005-இல் நூலால் ஒரு பவளத்திட்டைப் பின்னத் தொடங்கினார்கள். பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், சேர்ந்து பின்ன அது வளர்ந்துகொண்டே போய் 2019-இல் வெனிஸ் கலைக்காட்சி வரை சென்றது. வெளுத்துச் சாகும் பவளங்களுக்காகத் தொடங்கிய வேலை அது. கைவேலை என்று ஓரமாக வைக்கப்பட்ட ஒன்றில் இவ்வளவு அறிவு கிடந்திருக்கிறது. கணிதத்தோடு சேர்ந்த பிறகுதான் அதை அறிவு என்று ஊர் ஒப்புக்கொண்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நம் கரையில் துணியும் கடலும் சேர்ந்த கதை வேறு மாதிரி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், புதுக்குப்பம் என்று கிராமங்கள் சிதறின. அதன்பின் ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி, பக்கத்து மீனவக் கிராமப் பெண்களைக் கூட்டி, வெட்டுத்துணியில் விரலளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். சுனாமிகா என்று பெயர். அதை விற்பதில்லை. யாருக்கும் பரிசாகவே கொடுத்தார்கள், நன்கொடையாக வந்த பணத்தில் பெண்களுக்கு வருமானம் போனது. கடலை ஏறிட்டுப் பார்க்கவே முடியாதிருந்த நாள்களில், பார்வையைக் கையில் இருக்கும் அரை விரல் துணியில் நிறுத்திக்கொள்ள முடிந்தது என்பதே எவ்வளவு பெரிய ஆறுதல். சிறியதாகச் செய்வதற்கு இதைவிடச் சரியான காரணம் இருக்க முடியாது. முன்பு சிறிய மீன்களைப் பற்றிச் சொன்னதைச் சுனாமிகாவின் மேல் ஏற்றிப் பேச மாட்டேன். அந்தப் பெண்களுக்குக் கடலைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை, அது அவர்களுக்கு அளவுக்கு மேல் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் நாங்கள்தான், நாற்பது கிலோமீட்டர் உள்ளே, தார்ச்சாலையிலும் மரநிழலிலும் இருப்பவர்கள். பெரிதாகச் செய்ய வேண்டிய கடமை எங்களுக்குத்தான்.

பெரிதாகச் செய்வதில் தொல்லைகளும் பெரிது. ஃபெல்ட் தூசியைப் பிடித்துக்கொள்ளும். இங்கே செம்மண் புழுதிக்குப் பஞ்சமில்லை. துவைத்தால் உருவம் கெடும், பாலியஸ்டர் என்றால் நுண்ணிழை சாக்கடை வழியாக எங்கே போகும் என்பதும் தெரிந்ததே. மெல்லிய பிரஷால் தட்டி, நிழலில் காற்றாட வைப்பதோடு சரி. இடமும் அடைக்கும். ஓர் ஆமை ஒரு நாற்காலியின் இடத்தை எடுத்துக்கொள்கிறது, நாற்காலி அளவுக்குப் பயனும் இல்லை. எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் நவராத்திரியைச் சொல்வதுண்டு. பண்ருட்டியில் காகிதக் கூழிலும் களிமண்ணிலும் பொம்மை செய்பவர்கள் ஆண்டு முழுக்க வேலை பார்ப்பது எதற்கோ அதற்குத்தான். கொலுப்படியில் தசாவதார வரிசையில் மச்சமும் கூர்மமும் எப்போதும் முதலிரண்டு இடத்தில், எப்போதும் சிறியதாக, மேல்பாதி தேவராக இருக்கும். கீழ்ப்பாதியில் எந்த மீன், எந்த ஆமை என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்க ஆசைப்படுகிறேன்.

அடுத்து ஆவுளியா. பாக் நீரிணையில் கடற்புல் மேயும் கடல் பசு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை அவற்றுக்கான காப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் முதலாவது. முழு வளர்ச்சியில் மூன்று மீட்டர் வரை வரும். எங்கள் முன்னறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, சோபாவை வெளியே போட்டால் கிடத்தலாம். பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்ததில் சாம்பல் நிற ஸ்வெட்டர்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. வால் திமிங்கலத்தினுடையதைப் போலக் கிடைமட்டமாக, நடுவில் பிளந்து இருக்கும். மீனுக்கு நிற்கும் வால், இதற்குப் படுக்கும் வால் என்பது வரை தெரியும். மூக்குத் துளைகள் முகத்தின் உச்சியில், மூழ்கும்போது மூடிக்கொள்ளும். வாய் கீழ்நோக்கி மடிந்து, புல்லைத் தரையோடு பறிக்கும்படி. மேலுதட்டில் முரட்டு மயிர்கள். கன்றுக்குப் பாலூட்டும் காம்புகள் முன்துடுப்பின் அக்குளில். படங்களிலிருந்து இவ்வளவு சேர்க்க முடிந்தது.

சேர்க்க முடியாதவை வேறு. அந்தத் தோல் கையில் எப்படிப் படும்? வலையில் சிக்கி மேலே வந்தபோது துடுப்பு விறைத்திருந்ததா, மடங்கியதா? மூக்கு மூடும்போது உதடு சேர்ந்து அசைகிறதா? வலையை அறுத்து ஆவுளியாவைத் திரும்பக் கடலில் விட்ட மீனவர்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள், வனத்துறை அவர்களை அழைத்துப் பாராட்டிப் பரிசும் கொடுத்திருக்கிறது. மனோராவுக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் போய், இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் ஒருவரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வந்துதான் துணியில் கத்தரிக்கோல் வைப்பேன்.